யாரைவிடக் குறைவு?

"யாரைவிடங்க கொறைவு?"

நர்ஸ் அமலோற்பவம் இதைக் கேட்டபோது நான் கணினி அறைக்கு உள்ளே இருந்தேன், அவர் வெளியே நின்றார். அந்த அறைக்குள் செருப்போடு யாரும் வரக் கூடாது என்று நான்தான் தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். செருப்பைக் கழற்றினால் உள்ளே கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் அவர் வாசலிலேயே தயங்கினார். நானும் கூப்பிடவில்லை.

சித்திரை வெயில். திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். வெள்ளைப் புடவை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரியில் இருந்த எண் என் கணினியிலிருந்து போனது.

"எங்க சென்டர்ல பொறக்கிற புள்ளைங்க எடை கொறைவுன்னு போட்டிருக்கீங்களே மேடம், யாரைவிடங்க கொறைவு?"

"திருவெண்ணெய்நல்லூரைவிட" என்றேன்.

"அங்க யார் யாரை எழுதறாங்க?"

"எல்லாரையும்தான். மூணு எடத்துக்கும் ஒரே ஃபாரம்தானே?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "இதோ பாருங்கம்மா, தாயோட வயசு, படிப்பு, எத்தனையாவது பிரசவம், எல்லாத்தையும் உள்ள போட்டுத்தான் கணக்குப் பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டருக்குப் பனமலைன்னா தெரியுமா, உங்களைன்னா தெரியுமா? அது யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது."

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பேசிய பேச்சு. இப்போது எழுதும்போதுகூட என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றில் ஒன்று

நான் வேலை பார்த்த அறக்கட்டளையின் பெயரை இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. இந்த வாரமும் எழுதப்போவதில்லை. திண்டிவனத்தில் ஒரு மாடி, ஒரு ஜீப், கிராமங்களில் மூன்று தாய் சேய் நிலையங்கள். பனமலையில் ஒன்று, மண்டகப்பட்டில் ஒன்று, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், ஓர் ஆயா, ஒரு பிரசவ அறை. புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கலாம். கூப்பிட்டால் வாசலில் வந்து நிற்கும் நூற்றெட்டு வண்டியெல்லாம் அப்போது கிடையாது.

உதவி செய்துவந்தவர்கள் கையைச் சுருக்கினார்கள். அடுத்த வருடம் மூன்றில் இரண்டைத்தான் நடத்த முடியும் என்றாகிவிட்டது. எதை மூடுவது? எங்கள் இயக்குநர் நல்ல மனிதர். யார் முகத்தையும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று நினைப்பவர். "ரெஜினா, ரெண்டு வருஷத்து ஃபாரம் இருக்கில்ல? அதையே கேட்டுப் பாருங்க" என்றார்.

ரெஜினா என்பது நான்தான். கணவர் வீடு விழுப்புரம், பிறந்த வீடு திண்டிவனம், வேலையும் திண்டிவனம். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வருவேன். அந்த மாடியில் புள்ளியியல் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

மண் எப்படி ஏறும்?

அந்தத் திமிருக்கு ஒரு தடவை நன்றாக அடி விழுந்திருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று மூன்றோ நான்கோ. கல்யாணமான புதிது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மகசூலைப் பற்றிய ஒரு கணக்கெடுப்பில் எனக்கு முதல் வேலை. செம்மண்ணுக்கு ஒன்று, கரிசலுக்கு இரண்டு, மணலுக்கு மூன்று என்று குறியீடு கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே மென்பொருளுக்குள் தள்ளி ரிக்ரெஷன் ஓட்டினேன். ரிக்ரெஷன் என்றதும் யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒன்று ஏறினால் இன்னொன்று எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று பார்க்கிற கணக்கு, அவ்வளவுதான். உரம் ஒரு மூட்டை கூடப் போட்டால் மல்லாட்டை எத்தனை மூட்டை கூடும் என்று அது சொல்லும்.

என் மாமனார் திருவெண்ணெய்நல்லூரில் கரும்பும் மல்லாட்டையும் போட்டவர். வந்த விடையைப் பெருமையாக அவரிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னாது? மண்ணு ஒண்ணு ஏறினா மல்லாட்டை ரெண்டு மூட்டை கொறையுமா?" அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி கேட்டார். "மண்ணு எப்படிம்மா ஒண்ணு ஏறும்?"

என் கணவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

மாமனார் கேட்டது நியாயம். மென்பொருளுக்கு மூன்று என்றால் ஒன்றைப்போல மூன்று மடங்கு. மணல் என்பது செம்மண்ணின் மூன்று மடங்கு என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் பெயருக்குப் பதிலாக எண்ணைக் கொடுத்தோம் என்று அதற்கு யார் சொல்வது?

அதற்குத்தான் டம்மி மாறி. பாடப்புத்தகத்தில் போலி மாறி என்று இருக்கும். எங்கள் வாயில் டம்மிதான். ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு நெடுவரிசை. செம்மண்ணா? ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். இப்போது எதுவும் ஏறாது, இறங்காது. ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான்.

விட்டுவைத்த ஊர்

நிலையங்களின் கணக்கிலும் அதையே செய்தேன். பனமலைக்கு ஒரு நெடுவரிசை: அங்கே பிறந்த குழந்தைக்கு ஒன்று, மற்றக் குழந்தைகளுக்குப் பூஜ்யம். மண்டகப்பட்டுக்கு இன்னொன்று. திருவெண்ணெய்நல்லூருக்கு வேண்டியதில்லை. இரண்டிலும் பூஜ்யம் என்றால் அது திருவெண்ணெய்நல்லூர்தான், வேறெங்கே போய்விடும்? மூன்றுக்கும் போட்டால் மென்பொருள் முரண்டுபிடித்து ஒன்றை அதுவே தூக்கி வெளியே போட்டுவிடும். நாம் விட்டுவைக்கிற ஊர்தான் அடிப்படை. மற்ற ஊர்கள் எல்லாம் அதைவிட இவ்வளவு கூடுதல், அதைவிட இவ்வளவு குறைவு என்று மட்டும் பேசும்.

பனமலைக்கு மைனஸ் வந்தது. ஏதோ தற்செயல் என்று ஒதுக்க முடியாத பெரிய மைனஸ். நான் அச்செடுத்து, அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டமும் போட்டு இயக்குநரிடம் கொடுத்தேன்.

எங்கள் ஜீப் ஓட்டுநர் பாஷா பாய், கோட்டக்குப்பத்துக்காரர், காதைத் தீட்டி வைத்திருப்பவர். "இன்னா மேடம், உள்ள டம்மி டம்மின்னு பேசிக்கினே இருந்தீங்களே, யாருங்க அது? நான் இல்லியே?" என்று கேட்டார். சிரித்தேன். அன்றைக்கு எனக்கு மனசு நிறைவாகத்தான் இருந்தது.

வாசலில் நின்றவர்

அமலோற்பவத்துக்குப் போன கடிதம் இதுதான். பனமலைப் பிரசவ அறையை உடனே பூட்டிவிட வேண்டும். சாவி திண்டிவனத்துக்கு வர வேண்டும். வாரத்தில் மூன்று நாள் அவர் மண்டகப்பட்டில் வேலை பார்க்க வேண்டும். வருடக் கடைசியில் நிலையமே மூடப்படும். காரணம்: குழந்தைகளின் பிறப்பு எடை பற்றிய ஆய்வு.

"நான் எனக்காகக் கேக்கலைங்க" என்றார் வாசலில் நின்றபடியே. "எனக்கு எங்கனா வேலை கெடைச்சிடும். ரூமைப் பூட்டிட்டா, வலி எடுத்த பொண்ணுங்க எங்க போவும்? ஆட்டோ புடிச்சிக்கினு விழுப்புரம் போறதுக்குள்ள..."

சாவியை மேசைமேல் வைக்கவும் உள்ளே வர வேண்டுமே. வாசற்படியிலேயே கையை நீட்டினார். நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை பாக்கறேன்மா" என்றேன். அவரை அனுப்புவதற்காகச் சொன்னது.

மூன்று வாரம் நான் பார்க்கவில்லை. ஆண்டறிக்கை இருந்தது, கரண்ட் கட் இருந்தது, வெயில் இருந்தது. காரணத்துக்கா பஞ்சம்? உண்மைக் காரணம் ஒன்றுதான். திரும்பப் பார்த்து, தப்பு என்று தெரிந்துவிட்டால்? சிவப்பு வட்டம் போட்டது நான். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

பிறந்த இடம்

என் பெரியவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து, விழுப்புரம் வீட்டில் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். கணவர் எழுத, நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"பிறந்த இடம் விழுப்புரம்னு போட்டுடவா?"

"திண்டிவனம்ங்க. அம்மா வீட்டுலதானே பொறந்தா."

அவர் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் முந்தின கேள்வியிலேயே நின்றுவிட்டேன்.

ஏழு மாதம்வரை என்னைப் பார்த்தது விழுப்புரத்து டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தவர், "இன்னும் சாப்பிடு" என்று அதட்டியவர் எல்லாம் அவர்தான். வளைகாப்பு முடிந்து, கைநிறைய வளையலோடு திண்டிவனம் வந்தேன். பிள்ளையை எடுத்தது இங்கே வேறொரு டாக்டர். என் மகளின் எடை எந்த ஊர்க் கணக்கு?

நான் அப்படி வந்தவள். என் அம்மா அப்படி வந்தவள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராத பெண் எங்கள் பக்கத்தில் யார்? இதைப் படிவத்தில் ஒரு கேள்வியாகக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. படிவத்தை அடித்தது யார்? நானேதான்.

"யாரைவிடங்க கொறைவு" என்று அவர் கேட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. அவர் ஊரைப் பற்றிக் கேட்கவே இல்லை. எந்தப் பெண்களைவிட என்றுதான் கேட்டிருக்கிறார்.

மூலையில் இரண்டு எழுத்து

மறுநாள் படிவ மூட்டைகளைப் பிரித்தேன். பனமலைக் கட்டில், பாதிக்கும்மேல் படிவங்களின் வலது மூலையில் பென்சிலால் 'தா.வீ.' என்று எழுதியிருந்தது. தாய் வீடு. முன்பும் அதைப் பார்த்திருக்கிறேன். நர்ஸ் தன் வசதிக்கு ஏதோ அடையாளம் வைத்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். அதைக் கணினியில் ஏற்ற ஒரு கட்டம் இல்லை, ஏற்றியவர்களும் ஏற்றவில்லை.

மற்ற இரண்டு கட்டிலும் அப்படி ஒரு படிவம்கூட இல்லை. அது எப்படி? அந்த ஊர்களில் மட்டும் மகள்கள் தாய் வீட்டுக்கு வரமாட்டார்களா?

பாஷா பாயைக் கூட்டிக்கொண்டு திருவெண்ணெய்நல்லூர் போனேன். அங்கிருந்த நர்ஸ் கொஞ்சமும் யோசிக்காமல் அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினார்.

"வந்தவங்கள்லாம் இதுல இருக்காங்க மேடம். தனி நோட்டு."

"ஃபாரம் ஏன் போடலை?"

"ஃபாரத்துல மேல இன்னா போட்டிருக்கு? 'நிலையப் பகுதியில் வசிக்கும் தாய்மார்'. வந்தவங்க இங்க வசிக்கிறவங்களா? பெத்துக்கினு போயிடுவாங்க. நீங்கதானேங்க அப்படி அடிச்சி அனுப்புனீங்க?"

மண்டகப்பட்டிலும் ஒரு தனி நோட்டு இருந்தது. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. அடித்ததை அடித்தபடி படித்திருக்கிறார்கள். அமலோற்பவம் மட்டும், தன் கையில் பிறந்த எந்தக் குழந்தையையும் விட மனசில்லாமல் எல்லோரையும் எழுதியிருக்கிறார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் அந்த இரண்டு நோட்டையும் மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தேன். "இன்னா மேடம், பேஜாரா?" என்று கேட்டார் பாஷா பாய். ஆமாம் என்றேன்.

பனமலைப் பக்கம் நிறையக் குடும்பங்களுக்குச் செங்கல் சூளைதான் பிழைப்பு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் புருஷனோடு அவளும் செங்கல்பட்டுப் பக்கம் சூளைக்குப் போய்விடுவாள். எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டுக்கு வந்து சேருவாள். கல் சுமந்து, வேளைக்குச் சோறில்லாமல், கன்னம் ஒட்டிப்போய் வருகிற பிள்ளைகள். அவர்கள் பெற்ற குழந்தைகள் எடை குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைச்சலை எல்லாம் நான் பனமலையின் நெடுவரிசையில் ஏற்றியிருந்தேன். மற்ற இரண்டு ஊரில் அப்படி வந்தவர்கள் பெற்ற குழந்தைகள் நோட்டுக்குள் அலமாரியில் இருந்தார்கள்.

இரண்டு நோட்டிலும் இருந்த எல்லோரையும் ஏற்றினேன். புதிதாக ஒரு டம்மி போட்டேன். தாய் வீட்டுக்கு வந்தவர் என்றால் ஒன்று, உள்ளூர்ப் பெண் என்றால் பூஜ்யம். மூட்டை பிரித்ததிலிருந்து மொத்தம் பன்னிரண்டு நாள் வேலை. கடைசி நாள் காலையில் ஓட்டினேன். பெரிய மைனஸ் 'வந்தவர்' என்ற நெடுவரிசைக்குப் போய்விட்டது. பனமலையின் எண் சுருங்கி, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. மூன்று நிலையத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை.

இயக்குநர் முன்னால் போய் நின்றேன். "சார், என் அட்டவணை தப்பு" என்றேன். அதைச் சொல்ல நான் எவ்வளவு பயந்திருந்தேன்! சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. அவர் இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. இப்பவே போங்க."

சாவி

ஜீப்பில் போகும்போது எனக்கு ஏதோ பரிசு வாங்கியவள்போல் இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். வழியில் நிறுத்தி அமலோற்பவத்துக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கினேன். சாலையில் பாதியை அடைத்து மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். ஏரிக்குப் பக்கத்தில் திரும்பினால் குன்றுக்குக் கீழே நிலையம்.

அவர் வெளியே வந்தார். நான் சாவியை நீட்டினேன். "அம்மா, நீங்க கேட்டதுதான் சரி. ரூமைத் தொறங்க."

அவர் சாவியை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்துவந்தார்.

"போன வியாழக்கெழமை மேடம். கனகவல்லின்னு ஒரு பொண்ணு. தலைச்சன். சூளையில இருந்து வந்து பத்து நாளுதான் ஆச்சு. எனக்கு அன்னிக்கு மண்டகப்பட்டு டூட்டி. மத்தியானம் வலி எடுத்து இங்க வந்து கதவைத் தட்டியிருக்காங்க. ஆயா மட்டும்தான் இருந்துச்சு. ரூம் பூட்டியிருக்குன்னு சொல்லிட்டு, அதுவே ஓடிப்போயி ஆட்டோ கூட்டியாந்துச்சு. விழுப்புரம் போய்க்கினு இருக்கும்போதே ஆட்டோவுல பொறந்துடுச்சு. கழுத்துல கொடி சுத்திக்கினு இருந்துச்சாம். எடுத்துவுட ஆளில்லை."

"அந்தப் பொண்ணு?"

"அது நல்லாகீது. புள்ளைதான் போயிடுச்சு."

ஜீப்பின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பாஷா பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாயங்காலம் நான் தராசை எடுத்துக்கினு அவங்க ஊட்டுக்குப் போனேன்" என்றார் அமலோற்பவம். "பொதைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டேன். ரெண்டே முக்கால் கிலோ. பொழைக்கிற எடை மேடம்."

படிவத்தை என்னிடம் கொடுத்தார். கனகவல்லியின் வயசு, படிப்பு, எத்தனையாவது பிரசவம், எடை எல்லாம் அவருடைய குண்டுக் கையெழுத்தில். மூலையில் 'தா.வீ.'. நிலையம் என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு.

"எங்க பேரைப் போடலைங்க. நான் பாக்கலை, ரூமும் தொறக்கலை. எந்த சென்டர்னு நீங்களே போட்டு ஏத்திக்கோங்க."

அவர் என்னைக் குறைசொல்லவில்லை. அதற்கு அவருக்கு நேரமும் இல்லை. பூட்டைத் திறந்தார், புடவையை இழுத்துச் செருகினார், துடைப்பத்தை எடுத்தார். ஆயா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலை ஒரு பக்கம் பிடித்தேன்.

பன்னிரண்டு நாள் வேலை அது. அவர் வாசலில் நின்று கேட்ட அன்றைக்கே நான் மூட்டையைப் பிரித்திருந்தால், கனகவல்லி வந்து தட்டும்போது கதவு திறந்து பத்து நாளுக்குமேல் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு விடை வரவில்லை.

ஒரு வரி

மறுநாள் அந்தப் படிவத்தை ஏற்ற உட்கார்ந்தேன்.

பனமலை? இல்லை, பூஜ்யம். மண்டகப்பட்டு? பூஜ்யம். அப்படியே விட்டால் மென்பொருள் அந்தக் குழந்தையைத் திருவெண்ணெய்நல்லூரில் சேர்த்துவிடும். இரண்டிலும் பூஜ்யம் என்றால் அந்த ஊர் என்று நான்தானே ஏற்பாடு செய்திருக்கிறேன்? எந்த நிலையத்திலும் பிறக்காத குழந்தைக்கு என் கோப்பில் இடம் இல்லை.

இன்னொரு டம்மி போட்டேன். கோப்பில் இருந்த அத்தனை குழந்தைகளுக்கும் அதில் பூஜ்யம். கனகவல்லியின் குழந்தைக்கு மட்டும் ஒன்று.

அந்தக் காலத்து மென்பொருளில் நெடுவரிசையின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும். பனமலை என்று வைக்க முடியாது, குழந்தை அங்கே பிறக்கவில்லை. கனகவல்லி என்பதைச் சுருக்கி வைக்கலாமா என்று நினைத்தேன். அந்தப் பெண் என்ன செய்தாள்? நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினாள். ஆங்கில எழுத்தில் ரெஜினா என்று அடித்தேன். ஆறு எழுத்துதான் வந்தது, ஏற்றுக்கொண்டது.

ஓட்டினேன். மற்ற எந்த எண்ணும் ஒரு கிராம்கூட அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒருவருக்காக ஒரு நெடுவரிசை போட்டால், மற்றவர்கள் கணக்கில் அவர் இருப்பதும் ஒன்றுதான், எடுத்துவிடுவதும் ஒன்றுதான். பாடத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ரெஜினா என்ற பெயருக்கு எதிரே வந்த எண் மட்டும் புதிது. அது பிளஸ். சூளையிலிருந்து வந்த ஒரு தலைச்சன்காரிக்கு இந்தக் கணக்கு எதிர்பார்க்கிற எடையைவிட அந்தக் குழந்தை கூடுதலாக இருந்தது. நான் அன்றைக்கு அழுதது அந்த பிளஸ்ஸைப் பார்த்துத்தான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நிலையத்தை மூடும் பேச்சு அதோடு நின்றது. மூன்றிலும் செலவைக் குறைத்து, ஜீப்பையும் விற்று, எப்படியோ ஓட்டினார்கள். பாஷா பாய் வளைகுடாவுக்குப் போய்விட்டார். இயக்குநர் அந்த அட்டவணையைப் பார்த்தார். என் பெயரையும் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை. அப்படியே அறிக்கையில் அச்சாகிப் போனது.

சில மாதம் கழித்து, உதவி செய்பவர்களிடமிருந்து ஓர் இளைஞர் சென்னையிலிருந்து வந்தார். படித்தவர், மரியாதையானவர். கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அமலோற்பவமும் இருந்தார். அந்த இளைஞர் அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிவந்து, கடைசி வரியில் நிறுத்தினார்.

"இந்த ரெஜினாங்கிறது எந்த சென்டர்ங்க? இது ஒண்ணுதான் நல்ல பிளஸ்ல இருக்கு. நல்லா வேலை செய்றாங்க போலிருக்கே?"

அமலோற்பவம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"சென்டர் இல்லைங்க" என்றேன். "அது நான்தான். ஒரு குழந்தை செத்துப்போச்சு, அதோட எடை அது."